மூட்டையின் வாயிலிருந்து எடுத்த உப்பு

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி போன வாரம் போன் வந்தது. “கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் மிஸ்” என்றாள் பேசிய பெண். சரி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். மண், இலை, உரம், மருந்து என்று எடை போட்டு, சூடாக்கி, மறுபடி எடை போட்டே காலம் போய்விட்டது. சரியாகச் செய்த வேலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால் ஒன்றுகூடத் தனியாக ஞாபகத்தில் நிற்கவில்லை. தப்பாகச் செய்த ஒன்று நிற்கிறது. அதை எழுதுகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

படிகநீரைக் கணக்கிடுவது உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சில உப்புகள் தண்ணீரைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். கைக்குக் காய்ந்துதான் தெரியும். எடை போட்டு, நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எடை போட்டால் குறைந்த எடைதான் தண்ணீர். அதிலிருந்து ஒரு பங்கு உப்புக்கு எத்தனை பங்கு நீர் என்று வகுத்துப் பார்த்துவிடலாம். பதினாறு வயதுப் பிள்ளைகள் செய்யும் கணக்கு. அந்தக் கணக்கில்தான் நான் ஒரு மனிதரை வீட்டைவிட்டு அனுப்பினேன்.

அவர் பெயர் லெட்சுமணன். ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் மருந்தடிக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களோடு மலாய் மொழியில் பேசுவார், குரலை உயர்த்தமாட்டார். மருந்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தானே நிறுத்து, தானே பீப்பாயில் கரைப்பார். பதினெட்டு வருடம் அப்படித்தான் செய்தார்.

ஒரு வருடம் தேயிலையில் துத்தநாகச் சத்துக் குறைந்து கொழுந்து சிறுத்துப்போனது. வழக்கம்போல துத்தநாக சல்பேட் அடிக்கச் சொன்னார்கள். தோட்டத்தில் அதை ‘சிங் உப்பு’ என்பார்கள். அடித்த ஐந்தாம் நாள் கொழுந்தெல்லாம் ஓரம் கருகி, பழுப்பேறி, தொட்டால் நொறுங்கியது. ஒரு மலைச்சரிவு முழுக்க அப்படி. பறிக்க ஒன்றுமில்லை.

மேனேஜர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மருந்து கூடிப்போயிருக்கிறது, மண்டோர் ஒரே பீப்பாயில் இரண்டு தடவை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். லெட்சுமணன் இல்லை என்றார். எப்போதும் போடுகிற அளவுதான் போட்டேன் என்றார். நிறுக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை, சாட்சி இல்லை. விசாரணை வைப்பதென்று முடிவானது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்ததால் அது மூன்று வாரம் தள்ளிப்போனது.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ், அந்த உப்பு சரியான உப்புதானான்னு ஒரு ரிப்போர்ட் வேணும். பகல் பன்னெண்டுக்குள்ள குடுத்துடுங்க. அந்த மூட்டை மருந்துக் கொட்டகையிலதான் இருக்கு.”

கேட்கவேண்டிய கேள்விதான். துத்தநாக சல்பேட்டில் இரண்டு வகை கிடைக்கும். ஏழு பங்கு நீர் உள்ளது ஒன்று, ஒரே ஒரு பங்கு நீர் உள்ளது இன்னொன்று. ஒரே எடையில் இரண்டாவது வகையில் துத்தநாகம் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். எங்கள் தோட்டத்து அளவுகள் எல்லாம் ஏழு நீர் உப்புக்கு எழுதப்பட்டவை. மூட்டையின் மேலும் ஏழு என்றுதான் அச்சடித்திருந்தது.

கொட்டகைக்குப் போனேன். ஓடைக்கரையில் தகரக் கொட்டகை, உள்ளே எப்போதும் ஈரம். பாதி காலியான மூட்டை பலகைமேல் இருந்தது. வாயை ஒரு சணல் கயிற்றால் சும்மா சுற்றி வைத்திருந்தார்கள். லெட்சுமணன் அங்கே வந்து நின்றார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்ததால் வேட்டியும் சட்டையுமாக இருந்தார். அவரை அப்படி நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன்.

“மிஸ், ஒன்னு சொல்லணும்” என்றார். “இந்தத் தடவ வந்த மருந்து வேற மாதிரிலா. முந்தி சீனி மாதிரி இருக்கும். இது மாவு மாதிரி. கரைக்கும்போதே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.”

நான் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். மேலே கட்டிகட்டியாக, கல் சர்க்கரைபோல இறுகிக் கிடந்தது. ஒரு துண்டை உடைத்து அவரிடம் காட்டினேன்.

“இது மாவா, லெட்சுமணன்?”

அவர் அதைப் பார்த்தார். குழப்பமாகத்தான் பார்த்தார். “அன்னிக்கி அப்படி இல்ல மிஸ்” என்றார்.

அந்தக் குழப்பத்தை நான் பொய் அகப்பட்டுவிட்ட முகம் என்று எடுத்துக்கொண்டேன். உடைத்த துண்டையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மணி ஒன்பதரை.

உலையில் சூடாக்கி, ஆறவைத்து, எடை போட்டதில் நூறு பங்கில் நாற்பத்திரண்டு பங்கு குறைந்திருந்தது. ஏழு நீர் உப்பென்றால் நாற்பத்துநான்கு குறையவேண்டும். ஒரு நீர் உப்பென்றால் பத்துதான் குறையும். நாற்பத்திரண்டு என்பது நாற்பத்துநான்குக்குப் பக்கத்தில்தானே. உப்பு கொஞ்சம் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். “மூட்டையில் அச்சிட்டபடியே உள்ளது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நேரத்துக்குள் முடித்துவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “தப்பு உப்புல இருக்க வாய்ப்பு இருக்கா?”

“இல்லை” என்றேன்.

லெட்சுமணன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான்தான் நிறுக்கும்போது தப்புச் செய்துவிட்டோமோ என்று அந்த நிமிடத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

மண்டோர் வேலையிலிருந்து இறக்கி, சாதாரண ஆளாகக் களை வெட்டப் போகச் சொன்னார்கள். தான் வேலை வாங்கிய பையன்களோடு மண்வெட்டி பிடிக்க அவர் சம்மதிக்கவில்லை. வேலையை விட்டார். வேலை போனால் தோட்டம் கொடுத்திருந்த லைன் வீடும் போகும். பதினெட்டு வருடம் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, மனைவியையும் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய லோரி ஆய்வுக்கூடத்தைத் தாண்டித்தான் கீழே இறங்கியது. அன்றைக்கு நான் உள்ளேயே இருந்தேன்.

ஏழு மாதம் போனது. மேல் டிவிஷனில் சிங் உப்பு அடித்தார்கள். அங்கே வேறு மண்டோர். கீழே நடந்ததற்குப் பிறகு எல்லோரும் எச்சரிக்கையாகிவிட்டதால் உதவி மேனேஜரே பக்கத்தில் நின்று தராசு முள்ளைப் பார்த்தார். ஐந்தாம் நாள் அதே கருகல்.

கருகலின் படம் போனில் வந்தது. மேல் டிவிஷன் கொட்டகைக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். மூட்டையைப் பிரித்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மேலே மெல்லிய ஏடுபோல இறுகியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கையுறையோடு கையை முழங்கைவரை உள்ளே விட்டேன். மாவு. கோதுமை மாவுபோல மெத்தென்று இருந்தது.

மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று மூன்று பைகளில் எடுத்து வந்து மூன்றையும் சூடாக்கினேன். மேல் ஏட்டில் இருபத்தாறு பங்கு நீர். நடுவில் பதினொன்று. அடியில் பத்து. வகுத்துப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. அது ஒரு நீர் உப்பு. எங்கேயோ யாரோ ஒரு வகையை இன்னொன்றின் மூட்டையில் போட்டுத் தைத்திருக்கிறார்கள். கீழ் டிவிஷனுக்குப் போனதும் இதே சரக்குத்தான்.

இந்த மலையின் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பளம் பொரித்துத் தட்டில் வைத்தால் சாப்பிட உட்காருவதற்குள் நமுத்துவிடும். நீர் குறைந்த உப்பு இந்தக் காற்றில் திறந்து கிடந்தால் சும்மா இருக்குமா? மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஏழு நீர் உப்பாக மாறிக்கொண்டே போகும். லெட்சுமணனின் மூட்டை மூன்று வாரம் ஓடைக்கரையில் கிடந்தது. நான் உடைத்து எடுத்தது கிட்டத்தட்ட ஏழு நீர் உப்பாகவே மாறிவிட்ட மேல் ஓடு. அதற்கு ஒரு சாண் கீழே மாவு இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். நாற்பத்துநான்கு இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு வந்தபோது, உப்பு காய்ந்திருக்கும் என்று நினைத்தேன் அல்லவா? இந்த ஊரில் எந்த உப்பு காயும்? உண்மையான ஏழு நீர் உப்பாக இருந்திருந்தால் ஈரம் ஏறி நாற்பத்தைந்தோ நாற்பத்தாறோ காட்டியிருக்கவேண்டும். குறைந்திருக்கவே கூடாது. அந்த இரண்டு பங்குக் குறைவு என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை. எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் அதற்குமேல் யோசிக்கவில்லை. முழுக்க மாறுபட்ட எண் வந்திருந்தால் நான் மறுபடி சோதித்திருப்பேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“சப்ளையர்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்த மூட்டைக்கு மட்டும் புது ரிப்போர்ட் எழுதிக் குடுங்க, போதும்.”

“பழைய ரிப்போர்ட்?”

“அது முடிஞ்சு போன விஷயம்லா. அந்த ஆளும் போய்ட்டாரு. இப்பப் போய்க் கிளறினா யாருக்கு என்ன ஆகப் போகுது? உங்க பேருதான் கெடும் மிஸ். என் பேரும்தான்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. என் முகத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். நான் வெளியே வந்து புது ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்தேன். பழையதைத் தொடவில்லை. அப்படியே பதினோரு நாள் இருந்தேன். ஆய்வுக்கூடத்தில் செய்த தப்பு அவசரத்தில் நடந்தது என்று யாராவது மன்னிக்கலாம். இந்தப் பதினோரு நாள் நிதானமாக, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, தெரிந்தே செய்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். நன்றாகத்தான் தூங்கினேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, தொழிற்சாலைக்கு முன்னால் மருந்தடிக்கும் ஆட்கள் எல்லோருக்கும் பாதுகாப்புப் பாடம் நடந்தது. அறுபது எழுபது பேர். நான் மருந்துகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேச எழுந்தவர் புதிதாக வந்த ஓர் அதிகாரி. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, பழைய கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். கவனமில்லாமல் மருந்து கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகக் கீழ் டிவிஷன் கருகலின் படத்தைக் காட்டினார். லெட்சுமணன் என்ற மண்டோர் இரண்டு தடவை போட்டுவிட்டார் என்று பெயரைச் சொல்லியே சொன்னார். பின்வரிசையில் அவருடைய பழைய பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“அது தப்பு” என்று மலாயில் சொன்னேன். “அவர் சரியாகத்தான் கலந்தார். மூட்டையில் இருந்த உப்பு வேறு. அதைச் சோதித்தது நான். நான் தப்பாகச் சோதித்து, தப்பாக எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் அவருக்கு வேலை போனது.”

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலாயில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. தமிழில் சொல்லவேண்டிய ஆள் அங்கே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லெம்பா பெர்த்தாமுக்குப் போனேன். நெகிழிக் கூரை போட்ட செவ்வந்தித் தோட்டத்துக்குப் பக்கத்தில் பலகை வீடு. லெட்சுமணனின் மனைவி சரோஜா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அவர் வெளியே வரவே இல்லை. லெட்சுமணன் நாற்காலி போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, மாவு, மேல் ஓடு, நாற்பத்திரண்டு, பதினோரு நாள் எல்லாம்.

லெட்சுமணன், “எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மிஸ்” என்றார். “ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு மறுபடி மறுபடி நிறுத்துப் பார்ப்பேன், மனசுக்குள்ள. ஒரு தடவ சரியா வரும். ஒரு தடவ ரெண்டு தடவ போட்ட மாதிரி வரும். இங்க வந்தும் மருந்து கலக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். கை நடுங்குது.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மகளைக் கூப்பிட்டார்.

“இவகிட்ட சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல இவளத்தான் கேட்டாங்க, உங்கப்பா தண்ணி போட்டுட்டு மருந்து கலந்தாரான்னு.”

அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏன் மிஸ் மேலேருந்து மட்டும் எடுத்தீங்க?”

என் அத்தனை வருட அனுபவத்திலும் தேடிப் பார்த்தேன். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது.

“கைக்குக் கிட்ட இருந்துச்சும்மா.”

அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்வதாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதோடு சரி. அவருக்கு வீடு போனது, எனக்கு ஒரு காகிதம் வந்தது. ஓய்வு பெறும்வரை எந்த மூட்டையாக இருந்தாலும் மூன்று இடத்தில் எடுத்தேன். நீங்களும் எடுங்கள். நேரமில்லை என்று யார் சொன்னாலும், ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும். கொண்டுவந்த பொருளைப் பற்றி அதைத் தினமும் கையால் அள்ளுகிறவர் ஏதாவது சொன்னால், அதை நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டு அப்புறம் உலையை மூட்டுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். இதைச் செய்தாலும் வேறு எங்காவது தப்பு வரும். வரும்போது பதினோரு நாள் காத்திருக்காதீர்கள்.

தலைமை அலுவலகம் இரண்டு மாதம் கழித்து லெட்சுமணனுக்கு ஒரு கடிதம் தயார் செய்தது. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு நான் செய்த சோதனையில்தான், மண்டோர் வேலையை அவர் திரும்ப ஏற்றுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அதை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற லோரியில் ஒரு மத்தியான நேரம் வந்து இறங்கினார். அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, “வேலை வேணாங்க. இது போதும்” என்றாராம்.

அங்கிருந்து நேராக லைனுக்குப் போனார். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் நின்று கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துச் சொன்னார். வங்காளதேசத்துப் பையன்கள் இருந்த வீடுகளில் மலாயில் சொன்னார். அவர் குடியிருந்த வீட்டில் இப்போது புதுக் குடும்பம் ஒன்று இருந்தது, அவர்களுக்கு அவரைத் தெரியாது. அவர்களிடமும் கொடுத்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடிதத்தை ஒரு நெகிழிப் பைக்குள் வைத்து மேலே பிடித்துக்கொண்டு அவர் வாசல் வாசலாகப் போவதை ஆய்வுக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக என்னிடம் வந்தார். கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எனக்குத் தெரியும் லெட்சுமணன், என்ன எழுதியிருக்குன்னு” என்றேன்.

“படிங்க மிஸ். சத்தமா.”

எழுந்து நின்று படித்தேன். என் பெயர் வரும் இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். அந்த வரியை மறுபடி படித்தேன். முடித்ததும் கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, பைக்குள் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

“சரி மிஸ். லோரி போயிடும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.